பரிணாமம் ஆராயும் கிறிஸ்தவர் ஒருவர் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டுமா?

கேள்வியைப் படிக்காதவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கிறிஸ்தவக் குடும்பத்தில், சபையோடு ஒட்டியே வளர்ந்தவர். இப்போது பரிணாம உயிரியலில் பிஎச்டி இரண்டாம் வருஷம். கைடு கடவுள் நம்பிக்கை இல்லாதவர். நல்ல மனிதர்தான், ஆனால் மதப் பேச்சு வந்தால் உதட்டைப் பிதுக்குவார். லீவில் ஊருக்குப் போனால் போதகர் பிரசங்கத்திலேயே ஜாடையாகக் குத்துகிறார், அம்மா உபவாச ஜெபத்தில் பெயர் சொல்லி ஜெபிக்கிறார். இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமா, கைடிடம் விசுவாசத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் எழுதிய வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: 'நான் இரண்டு இடத்திலும் நடிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.' பரிணாமம் உண்மையா என்று அவர் கேட்கவில்லை, அதைத் தரவைப் பார்த்தே தெரிந்துகொண்டுவிட்டார். தன் நேர்மையைப் பற்றித்தான் கேட்கிறார்.

நான் கல்லூரியில் பல வருஷம் மரபியல் நடத்தியவன், ஆராய்ச்சி மாணவர்களுக்கு கைடாக இருந்தவன், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன். இறையியல் முறையாகப் படித்தவன் இல்லை. அதனால் உயிரியல் பற்றிச் சொல்வதைப் பாடம் நடத்தியவனின் பேச்சாகவும், வேதாகமம் பற்றிச் சொல்வதை நீண்ட நாள் வாசகனின் பேச்சாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியான விஷயத்திலிருந்து ஆரம்பிக்கலாம். உயிர்கள் பொது மூதாதையரிடமிருந்து வந்தவை என்பதில் உயிரியலுக்குள் இன்று சண்டை இல்லை. மாணவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது மனிதனின் இரண்டாவது குரோமோசோம். நமக்கு 23 ஜோடி, சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 24 ஜோடி. ஒரு ஜோடி எங்கே போனது? கேரியோடைப் படத்தில், அதாவது குரோமோசோம்களை வரிசையாக அடுக்கிக் காட்டும் படத்தில், நம் இரண்டாவது குரோமோசோமுக்குப் பக்கத்தில் சிம்பன்சியின் இரண்டு சிறிய குரோமோசோம்களை மேலும் கீழுமாக வைத்துப் பாருங்கள். கறுப்பும் வெளுப்புமான பட்டைகள் வரிசையாகப் பொருந்தும். மூதாதையரிடம் தனித்தனியாக இருந்த இரண்டும் ஒன்றாக ஒட்டியதுதான் நம் இரண்டாவது குரோமோசோம். அப்புறம் அந்த ஒட்டு விழுந்த இடத்தில் டிஎன்ஏ-வைப் படித்தால், குரோமோசோமின் நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை நடுவில் கிடக்கிறது, அதுவும் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக. 1991-இல் இதைக் கண்டு எழுதினார்கள். போதாததற்கு, செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்க உதவுகிற சென்ட்ரோமியர் ஒன்றுதான் இருக்க வேண்டும், ஆனால் வேலை செய்யாத இரண்டாவது சென்ட்ரோமியரின் எச்சமும் அதே குரோமோசோமில் இருக்கிறது. இதைப் பார்த்த மாணவர்களில் சிலர் வகுப்பு முடிந்தும் மைக்ராஸ்கோப் மேஜையை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளும் அதில் உண்டு. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்பதும் இதே அளவுக்கு உறுதியானது. விண்கற்களில் உள்ள ஈய ஐசோடோப்புகளை அளந்து 1956-இல் கிளேர் பேட்டர்சன் சொன்ன எண் இன்று வரை பெரிதாக நகரவில்லை. இவற்றை மறுத்துவிட்டு உங்கள் துறையில் நேர்மையாக இருக்க முடியாது. இங்கே நான் எதையும் மழுப்ப விரும்பவில்லை.

அப்படியானால் கைடு சொல்வது முழுக்கச் சரியா? 'பரிணாமம் நடந்தது, ஆகவே எதற்கும் நோக்கம் இல்லை' என்று அவர் சொல்கிறாராம். இதில் முதல் பாதி உயிரியல். இரண்டாவது பாதிக்கு, டிஎன்ஏ-வைப் பிரித்துப் பார்க்கிற எந்த ஜெல்லும் எந்த ஃபாசிலும் சாட்சி சொல்லாது. அது உலகத்தைப் பார்க்கிற ஒரு பார்வை. இந்தத் தாவலை ஒளிவுமறைவு இல்லாமல் எடுத்துக் காட்டியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957-இல் இந்தியாவுக்கு வந்து, 1964-இல் புவனேஸ்வரில் இறந்த அதே மரபியல் மேதைதான். அவர் எழுதியதன் சாரம் இது: நான் ஒரு பரிசோதனையை அமைக்கும்போது கடவுளோ தேவதையோ பிசாசோ குறுக்கிடாது என்று வைத்துக்கொண்டுதான் அமைக்கிறேன், அந்த அனுமானம் எனக்குப் பலன் கொடுத்திருக்கிறது, ஆகவே உலக விஷயங்களிலும் நான் நாத்திகனாக இல்லாவிட்டால் அறிவு நாணயம் தவறியவன் ஆவேன். இதில் முதல் படியை நீங்களும் நானும் தினமும் ஏறுகிறோம். டிஎன்ஏ-வைப் பெருக்குகிற பிசிஆர் ஓடாவிட்டால் அதைத் தொடங்கிவைக்கிற பிரைமரைச் சந்தேகப்படுகிறோம், பிசாசைச் சந்தேகப்படுவதில்லை. இரண்டாவது படி அப்படித் தானாக வருவதில்லை. ஒரு முறை நன்றாக வேலை செய்கிறது என்பதிலிருந்து, அந்த முறைக்குப் பிடிபடாதது எதுவும் இல்லை என்ற முடிவுக்குப் போக இன்னொரு வாதம் வேண்டும். ஆனால் ஒன்று, ஹால்டேன் கேட்பதை ஒதுக்கித் தள்ளாதீர்கள். 'கடவுளைக் கணக்கில் சேர்க்காமலே எல்லாம் இவ்வளவு ஒழுங்காக விளங்குகிறதே, ஏன்?' என்பது விசுவாசி உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி. இயற்கையின் ஒழுங்கே படைத்தவரின் உண்மைத்தன்மைக்கு அடையாளம் என்று நான் நினைக்கிறேன். அது என் விசுவாசம் சொல்கிற பதில். அதை ஆய்வக முடிவாக நான் யாரிடமும் நீட்டுவதில்லை.

ஹால்டேனோடு சேர்ந்து மக்கள்தொகை மரபியலைக் கட்டிய ரொனால்ட் ஃபிஷர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். பரிணாமத்தின் ஒளியில் அல்லாமல் உயிரியலில் எதுவும் அர்த்தப்படாது என்று 1973-இல் எழுதிய தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். அந்தக் கட்டுரையிலேயே தான் படைப்பையும் பரிணாமத்தையும் சேர்த்து நம்புகிறவன் என்று சொல்லியிருக்கிறார். இவர்கள் ஒரே சமன்பாடுகளை வைத்துத்தான் வேலை செய்தார்கள். பெரிய ஆட்கள் நம்பினார்கள் என்பதால் விசுவாசம் உண்மையாகிவிடாது. 'தகுதியானவர்கள்' மட்டும் அதிகம் பிள்ளை பெற வேண்டும் என்கிற இனமேம்பாட்டு வாதத்தையும் ஃபிஷர் தீவிரமாக நம்பினார், அது மோசமான நம்பிக்கை. இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு முதல் தர வேலை செய்ய முடியும் என்பதற்கு மட்டும் இவர்கள் அத்தாட்சி.

நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டிய ஆள் என்று நான் ஒருவரைச் சொல்வதானால் அது ஜார்ஜ் லெமேத்ர். பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர், இயற்பியலாளர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதினார், 1931-இல் எல்லாம் ஒரு ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றார். பிரிட்டிஷ் வானியலாளர் ஃப்ரெட் ஹாயிலுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. ஒரு தொடக்கம் என்பதில் ஆதியாகமத்தின் வாடை அடிக்கிறது என்பதும் அவர் எரிச்சலுக்கு ஒரு காரணம். 'பிக் பேங்' என்ற பெயரையே 1949-இல் பிபிசி வானொலியில் அவர்தான் சொன்னார். இந்தப் பக்கம், 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் வத்திக்கானின் அறிவியல் கழகத்தில் பேசும்போது, புதிய வானியல் படைப்பை உறுதிப்படுத்துகிறது என்கிற தொனியில் பேசிவிட்டார். இதைக் கேட்டு மகிழ வேண்டிய ஆள் லெமேத்ர்தானே? அவர் வருத்தப்பட்டார். தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது, கடவுளை நம்பாதவரும் அதை அப்படியே ஏற்கலாம் என்பது அவர் நிலை. போப்பின் ஆலோசகர்களிடம் பேசினார். அதற்குப் பிறகு போப் அந்த மாதிரி சொல்லவில்லை. தன் சபைத் தலைவரே தன் கோட்பாட்டை விசுவாசத்துக்கு முட்டுக் கொடுக்க எடுத்தபோது, வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தது. ஆதி வெப்பத்தின் மிச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்த செய்தி 1965-இல் வந்தது. அடுத்த வருஷம் அவர் இறப்பதற்கு முன் அது அவர் காதுக்கு எட்டியது. ஹாயில் தன் பார்வைக்காகவும் போப் தன் பார்வைக்காகவும் ஒரு கோட்பாட்டை இழுத்த இடத்தில், குருவானவர் தரவுக்காகக் காத்திருந்தார். நீங்கள் நடிப்போ என்று பயப்படும் அந்தப் பிரிவினையை அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தார். அதை யாரும் இரட்டை வேடம் என்று சொன்னதில்லை.

நம் ஊர்ப் பக்கத்திலும் இன்னொரு உதாரணம் இருக்கிறது, அவர் கிறிஸ்தவர் இல்லை. ராமானுஜன் தன் சூத்திரங்களை நாமகிரித் தாயார் தந்ததாகச் சொல்வார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டி பிடிவாதமான நாத்திகர். ஹார்டி நாமகிரித் தாயாரைப் பற்றி வழக்காடவில்லை, நிரூபணம் எங்கே என்று கேட்டார். பகா எண்களைப் பற்றி ராமானுஜன் முதலில் அனுப்பியவற்றில் சில தவறாகவும் இருந்தன, அவை உதிர்ந்தன. மற்றவை நின்றன. ஒரு யோசனை எங்கிருந்து வந்தது என்பது உங்கள் சொந்த விஷயம். அது நிற்குமா என்பதை மட்டும் எல்லோருக்கும் பொதுவான சோதனை தீர்மானிக்கும். இந்த எல்லையை ஆய்வுக் கட்டுரைக்குள் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2016-இல் ப்ளோஸ் ஒன் இதழில் வந்த ஒரு கட்டுரை இருக்கிறது. கையின் அமைப்பை ஆராய்ந்துவிட்டு 'படைத்தவரின் வடிவமைப்பு' என்று எழுதியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. இயற்கையைத்தான் சொல்ல வந்தோம் என்று ஆசிரியர்கள் விளக்கியும் பலன் இல்லை.

சரி, சபைப் பக்கம் வருவோம். போதகர் சொல்வதுதான் ஆதி சபையின் ஒரே போதனை என்று நினைத்துக் குற்ற உணர்ச்சி அடையாதீர்கள். முதல் நாளில் வெளிச்சம், நாலாம் நாளில்தான் சூரியன் என்று ஆதியாகமம் 1-ஆம் அதிகாரம் சொல்வதை ஆதி சபையின் பெரிய போதகர்களான ஓரிகனும் அகஸ்டினும் அப்போதே கவனித்து, இந்த 'நாள்' சாதாரண நாளா என்று கேட்டார்கள். நுண்ணோக்கியோ ஃபாசிலோ அவர்களை நெருக்கவில்லை, வாசகமே அப்படி யோசிக்க வைத்தது. வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசிகளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் உளறினால், பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொல்வதை யார் நம்புவார்கள் என்று அகஸ்டின் கண்டித்து எழுதியிருக்கிறார். ஆறாயிரம் வருஷ பூமி, ஒரே பெருவெள்ளத்தில் உண்டான பாறை அடுக்குகள் என்று நம் சபைகளில் சுற்றுகிற துண்டுப்பிரதிகளின் சரக்கு பெரும்பாலும் 1961-க்குப் பிறகு அமெரிக்காவில் வேர்பிடித்த ஒரு இயக்கத்திலிருந்து வந்தது. வேதம் பிழையற்றது என்று வாதாடிய பிரின்ஸ்டன் இறையியலாளர் பி.பி. வார்ஃபீல்டுக்குக்கூட நீண்ட கால பூமி ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை.

அதற்காக எல்லாம் சுமுகமாகப் பொருந்திவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். ரோமர் 5-ஆம் அதிகாரத்தில் ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்தில் வந்ததாகப் பவுல் எழுதுகிறார். ஆனால் மனிதன் வருவதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்பிருந்தே உயிர்கள் செத்துக்கொண்டிருந்தன. பவுல் பேசுவது எந்த மரணம், ஆதாம் தனி மனிதனா மனிதகுலமா என்பதில் விசுவாசமுள்ள அறிஞர்களே பல பக்கம் நிற்கிறார்கள். இது தீர்ந்த விவகாரம் இல்லை. அதைவிடக் கனமானது வேதனையைப் பற்றிய கேள்வி. டார்வின் 1860-இல் ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடிருக்கும் புழுவின் உடம்புக்குள் தின்று வளர்கிற இக்நியூமன் குளவியை, கருணையுள்ள ஒரு கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். கிரே ஆழ்ந்த கிறிஸ்தவர், அமெரிக்காவில் டார்வினுக்காக முதலில் வாதாடியவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மாற்றவில்லை, கடிதமும் நின்றுபோகவில்லை. குளவியைப் பற்றிய கேள்விக்கு எனக்கும் முழுப் பதில் கிடையாது. சிலுவையில் பாடுபட்ட ஒருவரைத் தேவன் என்று கும்பிடுவதால், வேதனை அவருக்கு அந்நியமில்லை என்று மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வக அரட்டையில் இரண்டு பக்கமும் அள்ளி வீசுகிற சில பொதுப்படையான கூற்றுகளில் ஜாக்கிரதையாக இருங்கள். அறிவியலும் மதமும் எப்போதுமே போர் என்கிற சித்திரத்தை 1874-இல் ஜான் வில்லியம் டிரேப்பர் பிரபலமாக்கினார். இன்றைய அறிவியல் வரலாற்று அறிஞர்கள் பெரும்பாலும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். கலிலியோவை 1633-இல் தண்டித்தது உண்மை, அநியாயம். ஆனால் அந்த ஒரு வழக்கைக் கொண்டு எல்லா நூற்றாண்டையும் அளக்க முடியாது. எதிர்ப் பக்கத்தில், அறிவியலே கிறிஸ்தவத்தின் பிள்ளை என்று ஜெபக்குழுவில் சொல்வார்கள். கிரேக்கர், அரபு உலகம், இந்தியக் கணிதம் என்று கொடுத்தவர்கள் பலர் இருக்கும்போது அது மிகை. படித்தால் விசுவாசம் போய்விடும் என்பதற்குக் கணக்கெடுப்புகளையும் காட்டுவார்கள். அமெரிக்க விஞ்ஞானிகளிடம் 1916-இலும் 1997-இலும் வெளியான ஒரே மாதிரியான கணக்கெடுப்புகளில், ஜெபத்தைக் கேட்கிற கடவுளை நம்புகிறவர்கள் இரண்டு தடவையும் சுமார் 40 சதவீதம். 1998-இல் அங்குள்ள தேசிய அறிவியல் கழக உறுப்பினர்களிடம் கேட்டபோது அது 7 சதவீதம்தான். எண்கள் நிஜம். படிப்பு விசுவாசத்தைக் கரைத்ததா, நம்பாதவர்கள் அந்த வழியில் அதிகம் போனார்களா, சூழல்தான் காரணமா என்பதை அந்த எண்கள் மட்டும் சொல்லாது. கல்விக்கூடத்தில் கிறிஸ்தவர்களுக்கு இடமில்லை என்று புலம்புகிறவர்களுக்கு இன்னொன்றையும் ஞாபகப்படுத்துவேன். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இங்கிலாந்துத் திருச்சபையின் விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போடாதவர்களுக்குப் பல பட்டங்களும் பதவிகளும் கிடையாது என்றிருந்த நிலை 1871-இல் சட்டம் போட்டுத்தான் முடிந்தது. கதவை மூடி வைத்தவர்கள் அன்று நாம்தான்.

கைடு விஷயத்துக்கு வருகிறேன். உலகப் பார்வையில் எதிர்ப் பக்கம் நிற்கிற ஆசிரியரிடம் நன்றாகப் படிக்க முடியும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில், பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் எம்.ஏ. படித்தபோது, இந்து மதத்தின் மீது மிஷனரிகள் வைத்த விமர்சனம் அவரை உறுத்தியது. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்கிற குற்றச்சாட்டுக்குப் பதிலாகவே தன் ஆய்வேட்டை எழுதினார். தத்துவப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக் ஒரு மிஷனரி, இது அவரைப் புண்படுத்துமோ என்று மாணவருக்குப் பயம். ஹாக் அந்த வேலையை மிகச் சிறப்பானது என்று பாராட்டினார். கர்மம் பற்றியும் மீட்பு பற்றியும் தானே ஆழமாக எழுதிக்கொண்டிருந்தவர் அவர். தன் நம்பிக்கையில் எதையும் விட்டுக்கொடுக்காமலே மாணவரின் வாதத்தை அதன் தகுதிக்கு மதிப்பிட்டார். உங்கள் கைடும் அப்படி இருக்கக்கூடும். நீங்கள் எழுதியதிலிருந்து பார்த்தால், அவர் உங்கள் டிராஃப்டைத் திருத்துவதில் இதுவரை எந்த வஞ்சமும் வைக்கவில்லை.

ஆகவே போய் அவரிடம் ஒரு அறிவிப்பு மாதிரிச் சொல்ல வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டாம். ஞாயிறு காலை ஏன் லேப்புக்கு வரவில்லை என்று கேட்டால் 'ஆலயத்துக்குப் போனேன் சார்' என்று சொல்லுங்கள், அது போதும். மேலே கேட்டால் மேலே பேசுங்கள். உதட்டைப் பிதுக்குவதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் விசுவாசத்தைக் காரணம் காட்டி ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கிற டிசி (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங்கில் இடைஞ்சல் செய்தாலோ, கையெழுத்தை இழுத்தடித்தாலோ அது கருத்து வேறுபாடு ஆகாது. தேதியோடு எழுதி வையுங்கள், துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

நம் ஊர் ஆய்வகங்களில் உலகப் பார்வை எங்கும் நிறைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆயுத பூஜை அன்று சென்ட்ரிஃபியூஜுக்கும் பிசிஆர் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பதை அந்த நாத்திக கைடும் தடுப்பதில்லை. நீங்கள் மெஷினைத் துடைத்துக் கொடுங்கள், பொரியை வாங்குவதும் வாங்காததும் உங்கள் மனசாட்சி. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று பவுல் கொரிந்தியருக்கு இதைப் பற்றித்தான் எழுதினார், அவரே இரண்டு பக்கமும் இடம் விட்டிருக்கிறார். வாங்காவிட்டால் முகம் சுளிக்காமல் வாங்காமல் இருங்கள். தீசிஸில் நன்றியுரைப் பக்கம் இருக்கிறது. அங்கே கர்த்தருக்கு நன்றி எழுதுங்கள், பக்கத்து சீட்டில் இருப்பவர் முருகனுக்கு எழுதுவார், இன்னொருவர் பெரியாருக்கு எழுதுவார். எக்ஸாமினர் யாரும் அதற்குக் கேள்வி கேட்பதில்லை. டிஸ்கஷன் அத்தியாயத்தில் மட்டும் தரவு தாங்குகிற அளவுக்கு மேல் ஒரு வாக்கியம்கூட வேண்டாம். 'நோக்கம் இல்லை' என்ற வாக்கியமும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். அதைச் சேர்க்கச் சொன்னால் எந்தத் தரவு இதைக் காட்டுகிறது என்று மரியாதையாகக் கேட்கலாம்.

சபையில் பிரசங்கத்துக்கு நடுவில் எழுந்து திருத்தப் போகாதீர்கள். போதகரை வீட்டுக்குக் கூப்பிட்டு, அல்லது நீங்களே போய், அந்தக் குரோமோசோம் படத்தைக் காட்டுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், நான் பேசிய போதகர்களில் இரண்டு விதமும் உண்டு. 'எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று தெசலோனிக்கேயருக்கு எழுதியிருப்பதை நீங்கள் ஆய்வகத்தில் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதாவது அவருக்குப் புரியட்டும். அம்மாவிடம் வாதம் வேண்டாம். விசுவாசத்தை விட்டுப் பின்மாறிப் போய்விடுவீர்களோ என்பதுதான் அவர் பயம், 454 கோடி வருஷம் அல்ல. அவரோடு சேர்ந்து குடும்ப ஜெபத்தில் உட்காருங்கள், வேலையில் என்ன செய்கிறீர்கள் என்று ஜெபத்துக்குப் பிறகு அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் துறையிலேயே விசுவாசத்தோடு வேலை செய்கிற மூத்தவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். பெரிய வளாகம் எதிலும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள், வெளியே சொல்லாததால் கண்ணில் பட மாட்டார்கள். ஆலயத்தில் பக்கத்து வரிசையில்கூட இருக்கலாம். ரோமர் 5-ஐயும் குளவியையும் அவரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். முன்பின் தெரியாதவர்கள் எழுதுகிற பதிலில் அந்த இரண்டும் தீராது, இந்தப் பதிலிலும்தான்.